எரிபொருள் பம்பின் கசிவும் திரும்ப அழைக்கப்படும் கார்களும்

மோட்டார் காரின் உறுப்புகளுள் கண்ணுக்குப் புலப்படாமல் உழைப்பவை பல. அவற்றுள் ஒன்று எரிபொருள் பம்பு. டாங்கியிலுள்ள பெட்ரோலை யந்திரத்திற்குக் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. அவ்வேலை ஒழுங்காக நடைபெறும் வரையில், அப்படி ஓர் உறுப்பு இருப்பதே காரை ஓட்டுபவருக்கு நினைவிராது. பம்பின் வாயை மூடியிருக்கும் இரப்பர் வளையம் சற்றே தளர்ந்துவிட்டாலோ, பின் ஆசனத்தில் பெட்ரோல் வாடை வீசத் தொடங்குகிறது. சில ரூபாய் பெறும் அந்த வளையம் பல லட்ச ரூபாய் பெறும் காரையும், அதனினும் அரிய உயிர்களையும் அபாயத்திற்கு உள்ளாக்கக்கூடும்.

இக்குறை ஒரு காரில் மட்டும் தோன்றினால் அதைப் பழுது என்கிறோம். ஒரே அச்சில் வார்த்த உறுப்பைக் கொண்ட ஆயிரக்கணக்கான கார்களில் தோன்றினால் அது உற்பத்திக் குறை ஆகும். அப்போது உற்பத்தியாளர் அக்கார்களை எல்லாம் திரும்ப அழைத்து, குறையுள்ள உறுப்பைச் செலவின்றி மாற்றித் தருகிறார். ‘திரும்ப அழைத்தல்’ என்ற சொல்லைக் கேட்டதும், காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் தந்துவிடுவார்கள் என்று எண்ணுவோரும் உண்டு. பெரும்பாலும் நிகழ்வது அதுவன்று. கார் ஒருநாள் பட்டறைக்குச் சென்று, புதிய உறுப்புடன் வீடு திரும்புகிறது, அவ்வளவே.

ஆயினும், அறிவிப்பு வேறு, பழுது நீங்குதல் வேறு. செய்தித்தாளில் வெளியான அறிவிப்புக்கும், உரிமையாளரின் காரில் புதிய பம்பு பொருத்தப்படுவதற்கும் இடையே நீண்ட வழி இருக்கிறது. அவ்வழியில் எங்கே தடை ஏற்படுகிறது, அதை எவ்வாறு நீக்கலாம் என்பதைக் களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருப்பது நலம். ஏனெனில், சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் மக்கள் ஐயம் கேட்பது பெரும்பாலும் அவர்களிடமே.

பம்பின் வேலை

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களில், பம்பு யந்திரத்தின் பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. யந்திரம் சுழலும்போது ஒரு நெம்புகோல் மேலும் கீழும் அசையும். அது டயாப்ரம் எனப்படும் மென்படலத்தை இழுத்துத் தள்ள, பெட்ரோல் டாங்கியிலிருந்து உறிஞ்சப்பட்டுக் கார்புரேட்டருக்குச் செல்லும். அதன் அழுத்தம் மிகக் குறைவு. சதுர அங்குலத்திற்கு 3 முதல் 6 பவுண்டு வரையில்தான் இருக்கும். படலம் கிழிந்தால் பம்பின் அடியிலுள்ள சிறு துளை வழியே பெட்ரோல் சொட்டும். சில வேளைகளில் அது யந்திர எண்ணெயிலும் கலந்துவிடும். எப்படியாயினும், மூடியைத் திறந்தால் பம்பு கண்ணெதிரே இருந்தது. கைதேர்ந்த மெக்கானிக் அதைப் பிரித்துப் படலத்தை மாற்றிவிடுவார்.

இக்காலத்துக் கார்களில் கார்புரேட்டருக்குப் பதிலாக, பெட்ரோலை நுண்துளிகளாகப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் உள்ளன. அவற்றிற்கு 3 முதல் 4 பார் அழுத்தம் வேண்டும். அதாவது, நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய மூன்று, நான்கு மடங்கு. இதை அளிக்கும் மின்சாரப் பம்பு டாங்கிக்கு உள்ளேயே, பெட்ரோலில் மூழ்கியவாறு இருக்கிறது. மின் மோட்டார் ஒன்று, ஓரத்தில் நுண்ணிய பற்கள் கொண்ட சிறு பிளாஸ்டிக் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சுற்றியுள்ள பெட்ரோலே அந்த மோட்டாரைக் குளிர்விக்கவும் செய்கிறது. டாங்கி காலியாகும் தறுவாயில் நெடுந்தூரம் ஓட்டலாகாது என்று கூறுவதன் காரணம் இதுதான்.

பெட்ரோலுக்குள் மின் மோட்டார் இருப்பது அபாயமன்றோ என்ற கேள்வி எழுவது இயல்பு. பெட்ரோல் தானே எரிவதில்லை. அதன் ஆவி காற்றுடன் தக்க அளவில் கலந்தால்தான் எரியும். கலவையில் ஆவியின் பங்கு ஏறக்குறைய 1.4 சதவீதத்திற்குக் குறைந்தாலும், 7.6 சதவீதத்திற்கு மிகுந்தாலும் தீப்பற்றாது. திரவத்தினுள் காற்றுக்கு இடமில்லை. டாங்கியின் மேற்பகுதியிலோ ஆவி மிகச் செறிந்திருக்கிறது. ஆகவே பெட்ரோல் டாங்கியின் உள்ளே இருக்கும் வரையில் அபாயம் இல்லை. வெளியே வந்து காற்றுடன் கலக்கும்போதே அபாயம் தொடங்குகிறது.

கசிவு தோன்றும் இடங்கள்

பம்பு டாங்கியின் மேற்புறத்திலுள்ள வட்டமான திறப்பின் வழியே உள்ளே இறக்கப்பட்டு, ஒரு மூடியால் மூடப்படுகிறது. மூடிக்கும் டாங்கிக்கும் இடையே இரப்பர் வளையம் உண்டு. பெரும்பாலான கார்களில் இவ்விடம் பின் ஆசனத்தின் அடியில் அமைந்திருக்கிறது. வளையம் தேய்ந்தாலும், சரியான பள்ளத்தில் அமராவிட்டாலும் பெட்ரோல் கசியும். ஆயினும் எப்போதும் கசியாது. டாங்கி நிறைந்திருக்கும்போதும், மேட்டிலோ பள்ளத்திலோ கார் சாய்ந்து நிற்கும்போதும் மட்டுமே பெட்ரோல் வளையத்தைத் தொடுகிறது. டாங்கி பாதியாகக் குறைந்ததும் கசிவு நின்றுவிடும்.

இரண்டாவது இடம், மூடியிலிருந்து குழாய் புறப்படும் முனை. பிளாஸ்டிக்கால் ஆன இம்முனையில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டானால், பம்பு ஓடும்போது அழுத்தத்தால் பெட்ரோல் பீறிடும். சாவியைத் திருப்பி நிறுத்தியதும் அடங்கிவிடும். மூன்றாவது, டாங்கியிலிருந்து யந்திரம் வரை செல்லும் குழாய்களும் அவற்றின் இணைப்புகளும். யந்திரத்தின் அருகில் சூடான புகைக்குழாய் இருப்பதால் இங்கே கசிவது மிகக் கொடியது. நான்காவது, பெட்ரோல் ஊற்றும் கழுத்துப் பகுதி. பெட்ரோல் நிலையத்தில் குழாய் தானாக நின்ற பின்னரும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று நிரப்பும்போது இங்கே கசிவு தோன்றலாம்.

இரப்பரின் குணமும் கருதத்தக்கது. சில வகை இரப்பர் பெட்ரோலை உறிஞ்சிப் பருக்கும்; வேறு சில, உஷ்ணத்தாலும் வயதாலும் இறுகி வெடிக்கும். பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும்போது இவ்விளைவு மாறுபடும். நம் நாட்டில் பெட்ரோலுடன் 20 சதவீத எத்தனால் கலக்கும் நிலை 2025-ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் வெளிவரும் கார்களின் உறுப்புகள் இதற்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டுள்ளன. அதற்கு முற்பட்ட சில வாகனங்களில் இரப்பர் உறுப்புகளையும் அடைப்பு வளையங்களையும் மாற்ற நேரிடலாம் என்பதை மத்திய அரசும் 2025-இல் குறிப்பிட்டது. எனவே பழைய கார்களை வைத்திருப்போர், வழக்கமான பராமரிப்பின்போது இவற்றையும் பார்க்கச் சொல்லுதல் நன்று.

சிறு துளியும் பெரும் தீயும்

ஒரு துளி பெட்ரோலின் அளவு 0.02 மில்லிலிட்டர் எனவும், விநாடிக்கு ஒரு துளி வீதம் கசிகிறது எனவும் கொள்வோம். ஒரு நாளில் 86,400 விநாடிகள். எனவே ஒரு நாளில் வீணாவது 1,728 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் லிட்டர். பண நஷ்டம் இதனால் விளங்கும். அபாயத்தின் கணக்கோ வேறு.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் சுமார் 200 லிட்டர் ஆவி உண்டாகிறது. அது காற்றில் 1.4 சதவீதம் என்ற அளவில் பரவினால் சுமார் 14 கன மீட்டர் இடத்தைத் தீப்பற்றும் நிலைக்குக் கொண்டுவரும். ஒரு கார் நிற்கும் சிறு கொட்டகையின் கொள்ளளவில் இது ஏறக்குறையப் பாதி ஆகலாம். பெட்ரோலின் ஆவி காற்றைப் போல் மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழாமல் தரையை ஒட்டிப் படிந்து, தாழ்ந்த இடத்தை நோக்கி ஊர்ந்து செல்லும். கதவை மூடிய கொட்டகையில், நிற்பவர் முகத்தில் வாடை லேசாகவே படலாம். காலடியில் ஆவி செறிந்திருக்கலாம். பூஜ்யத்திற்கும் கீழே 40 டிகிரி செல்ஷியஸ் குளிரிலும் தீப்பொறி பட்டால் பற்றக்கூடியது பெட்ரோல் ஆவி. ஆகையால் நம் நாட்டில் இதற்கு ஆபத்தற்ற பருவம் என்று ஒன்று இல்லை.

கசிவு ஐயம் உண்டானால் உடனே காரை ஓரமாக நிறுத்தி, யந்திரத்தை நிறுத்தி, எல்லோரும் இறங்கி விலகி நிற்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது ஒருபோதும் கூடாது. சாவியைத் திருப்பித் திருப்பிச் சோதிப்பதும் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் பம்பு மேலும் பெட்ரோலைத் தள்ளும். அக்காரை ஓட்டிச் செல்லாமல், வேறு வண்டியில் ஏற்றியோ கட்டி இழுத்தோதான் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தீப்பற்றினால் உலர் இரசாயனத் தூளோ நுரையோ கொண்ட அணைப்பான் பயன்படும்; நீரை ஊற்றினால் எரியும் பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும்.

சாலையோரத்தில் டாங்கியின் ஓட்டையைச் சோப்புக் கட்டியால் அடைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாததால், பழைய தகர டாங்கியில் அது சற்று நேரம் தாங்கும். மூன்று, நான்கு பார் அழுத்தமுள்ள குழாயில் அது நில்லாது. அதை நம்பிப் பயணத்தைத் தொடர்வது அறிவுடைமை ஆகாது.

இந்தியாவில் நிகழ்ந்த சில அழைப்புகள்

2010 பெப்ரவரியில் மாருதி சுசூக்கி நிறுவனம், பெட்ரோல் கசியக்கூடும் என்ற காரணத்தால் சுமார் 1,00,000 ஏ-ஸ்டார் கார்களை அழைத்து, எரிபொருள் பம்பின் அடைப்பு வளையத்தை மாற்ற முன்வந்தது. அப்போது இந்தியாவில் திரும்ப அழைத்தலுக்கென்று சட்டமும் இல்லை. உற்பத்தியாளர்களுக்குள் ஒப்புக்கொண்ட நெறிமுறையும் இல்லை.

2014 ஏப்ரலில் அதே நிறுவனம் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் ஆகிய மூன்று வகையிலும் சேர்த்து 1,03,311 கார்களை, பெட்ரோல் ஊற்றும் கழுத்துப் பகுதியை மாற்றுவதற்காக அழைத்தது. குழாய் தானாக நிற்கும் அளவுக்கு மேல் நிரப்பினால் வாடையோ கசிவோ உண்டாகலாம் என்பது காரணம்.

2020-ஆம் ஆண்டில் வேறு வகைக் குறை வெளிப்பட்டது. பம்பினுள் சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் போதிய அடர்த்தியின்றி வார்க்கப்பட்டிருந்தால், அது பெட்ரோலை உறிஞ்சிப் பருத்து, உறையில் உரசி நின்றுவிடும். இக்குறைக்காக உலகின் பல நாடுகளில் பல நிறுவனங்களின் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவில் 2020 ஜூன் மாதத்தில் ஹோண்டா நிறுவனம் 65,651 கார்களையும், 2021 ஏப்ரலில் மேலும் 77,954 கார்களையும், பழுதான சக்கரம் இருக்கக்கூடிய பம்பை மாற்றுவதற்கென அழைத்தது. 2020 ஜூலையில் மாருதி சுசூக்கி நிறுவனமும் எரிபொருள் பம்பைச் சோதிப்பதற்காக 1,34,885 வேகன்-ஆர், பலேனோ கார்களை அழைத்தது. இங்கே பெட்ரோல் வெளியே கசிவதில்லை. ஆனால் பம்பு நின்றால் யந்திரமும் நிற்கும். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு இடையே விரைந்து செல்லும் கார் திடீரென வேகம் இழப்பது, கசிவுக்குச் சற்றும் குறையாத அபாயம்.

2024 அக்டோபரில் ஹோண்டா நிறுவனம் பம்பை மாற்றுவதற்காக மீண்டும் 90,468 கார்களை அழைத்தது. அவற்றுள் பெரும்பாலானவை 2017, 2018-ஆம் ஆண்டுகளில் உற்பத்தியானவை. ஒரு கார் தொழிற்சாலையை விட்டு ஆறாண்டு கழிந்த பின் அதற்கு அழைப்பு வருகிறது என்பதை இங்கே கருத வேண்டும். அதற்குள் அந்தக் கார் எத்தனை கை மாறியிருக்குமோ! உரிமையாளர்களின் இன்னல் பெரிதும் இங்கிருந்தே தொடங்குகிறது.

சட்டம் கூறுவது

2012 ஜூலையில் இந்திய மோட்டார் வாகன உற்பத்தியாளர் சங்கம், உறுப்பினர்கள் தாமாகவே குறையை அறிவித்துச் சரிசெய்யும் நெறிமுறை ஒன்றை வகுத்தது. அது விருப்பத்தின் பாற்பட்டது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 110-ஏ என்ற புதிய பிரிவின் வாயிலாக, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

சுற்றுப்புறத்திற்கோ, ஓட்டுநருக்கோ, உடன் செல்வோருக்கோ, சாலையைப் பயன்படுத்தும் பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறை இதில் அடங்கும். அழைக்கப்பட்ட வாகனத்தின் முழு விலையைத் திருப்பித் தருவது, அதற்கு நிகரான அல்லது மேலான வேறு வாகனம் தருவது, பழுது நீக்கித் தருவது என்ற வழிகளைச் சட்டம் வகுத்துள்ளது. ஆணையின் பேரில் நடைபெறும் அழைப்புக்கு 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. குறையைத் தானே கண்டு அரசுக்கு அறிவித்து அழைக்கும் உற்பத்தியாளருக்கு அபராதம் இல்லை. குறையை மறைப்பதைவிட ஒப்புக்கொள்வதே ஆதாயம் என்ற நிலையை உண்டாக்குவது இதன் நோக்கம்.

இவ்விதிகளின் இரு கூறுகளை உரிமையாளர் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். முதலாவது, இவை ஏழாண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும். இரண்டாவது, அரசு நடவடிக்கை எடுப்பதற்கு வாகனத்தின் வகையையும், ஆண்டு விற்பனையின் எண்ணிக்கையையும் பொறுத்து, இத்தனை புகார்கள் வர வேண்டும் என்ற அளவு இருக்கிறது. புகார்களைச் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை அமைச்சகத்தின் வாஹன் இணையதளத்தில் உரிமையாளர் பதிவு செய்யலாம். புகார்கள் வரம்பை எட்டினால் உற்பத்தியாளரிடம் விளக்கம் கேட்கப்படும். சோதனை நிலையத்தின் ஆய்வும் நடைபெறும். புணேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மனேசரிலுள்ள ஐகாட், சென்னையை அடுத்த ஒரகடத்திலுள்ள ஜி.ஏ.ஆர்.சி. ஆகியவை நம் நாட்டில் வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் நிலையங்களுள் முக்கியமானவை.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. பட்டறைக்காரரிடம் சொல்லிச் சலித்துக்கொண்ட குறை, அரசின் கணக்கில் ஏறுவதில்லை. ஆயிரம் பேர் தத்தம் ஊரில் முணுமுணுத்தால் அது ஆயிரம் முணுமுணுப்பு. ஆயிரம் பேர் பதிவு செய்தால் அது ஆய்வுக்குரிய சான்று.

அறிவிப்புக்கும் பழுது நீங்குதலுக்கும் இடையே

உரிமையாளர் படும் முதல் இன்னல், அழைப்பு அவரை வந்தடையாமை. உற்பத்தியாளரிடம் பெரும்பாலும் இருப்பது, காரை முதலில் வாங்கியவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும். கார் கைமாறினால் கடிதமும் குறுஞ்செய்தியும் பழைய உரிமையாளருக்கே செல்லும். அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. புதியவரோ, தம் ஆசனத்தின் அடியில் குறையுள்ள பம்பு இருப்பதை அறியாமலே குடும்பத்துடன் பயணம் செய்கிறார். காரை விற்றவர் தம் மாநிலத்திற்குள் 14 நாட்களிலும், வாங்கியவர் 30 நாட்களிலும் பதிவு அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். இதைச் செய்யாமல் விடுவோர், அபராதத்தை மட்டுமன்றி, தம் பாதுகாப்புக்கான செய்தியையும் இழக்கின்றனர்.

இரண்டாவது, உறுப்புப் பற்றாக்குறை. ஒரு லட்சம் கார்களை ஒரே நாளில் அழைக்கலாம். ஒரு லட்சம் பம்புகளை ஒரே நாளில் உற்பத்தி செய்ய இயலாது. ‘பம்பு இன்னும் வரவில்லை, பிறகு வாருங்கள்’ என்ற விடையைக் கேட்டுத் திரும்புவோர் பலர். அருகில் முகவர் பட்டறை இல்லாத ஊரில் வசிப்பவருக்கு, ஒவ்வொரு முறையும் ஒருநாள் வேலையும் பயணச் செலவும் வீணாகின்றன. இடைப்பட்ட நாட்களில் காரை ஓட்டலாமா, கூடாதா என்பதை அவருக்கு யாரும் எழுத்தில் கூறுவதுமில்லை. இவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர், இக்கேள்வியை எழுத்து மூலம் கேட்டு, விடையையும் எழுத்தில் பெறுவது அவசியம்.

மூன்றாவது, பட்டறையில் கசிவு தென்படாமை. வளையத்தின் கசிவு டாங்கி நிறைந்திருக்கும்போதுதான் வெளிப்படும் என முன்பே கண்டோம். டாங்கி நிறைந்த அன்று மாலை வாடை வீசுகிறது. உரிமையாளர் நான்கு நாள் கழித்து, பாதி டாங்கியுடன் பட்டறைக்குச் செல்கிறார். ஆய்வாளர் பார்த்துவிட்டு ‘குறை ஒன்றும் இல்லை’ என்று எழுதித் தருகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. சோதனை செய்த நிலைதான் பொருத்தமற்றது. எப்போது டாங்கி நிரப்பப்பட்டது, எப்போது வாடை வந்தது, கார் சமதளத்தில் நின்றதா, சரிவில் நின்றதா, யந்திரம் ஓடியதா என்ற குறிப்புகளைத் தேதியுடன் எழுதிக் கொடுத்து, டாங்கி நிறைந்த நிலையில் சோதிக்கும்படி கேட்பதே இதற்குப் பரிகாரம். ஆனால் கசிவுள்ள காரை நிரப்பி ஓட்டிச் செல்வது கூடாது. அச்சோதனை பட்டறையிலேயே, பயிற்சி பெற்றோர் முன்னிலையில் நடைபெற வேண்டும்.

நான்காவது, பட்டியலில் இடம்பெறாமை. குறிப்பிட்ட இரு தேதிகளுக்கு இடையே உற்பத்தியானவை மட்டுமே பெரும்பாலும் அழைக்கப்படுகின்றன. அதே வகைக் கார், அதே அறிகுறி. ஆயினும் ‘உங்கள் எண் பட்டியலில் இல்லை’ என்ற விடை கிடைக்கிறது. பட்டியல் சரியாகவும் இருக்கலாம். குறை வேறொன்றாகவும் இருக்கலாம். பட்டியல் பின்னர் விரிவாவதும் உண்டு. இத்தகைய உரிமையாளரின் புகாரே மிக முக்கியமானது. பட்டியலின் எல்லை சரிதானா என்பதைக் காட்டக்கூடியது அதுவே.

உரிமையாளர் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேஸிஸ் எண் உண்டு. பதிவுச் சான்றிதழில் அது அச்சிடப்பட்டிருக்கும். 1, 0 என்ற எண்களுடன் குழப்பம் நேராதிருக்க, ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் இடம்பெறுவதில்லை. இந்த எண்ணைக் கொடுத்தால், தம் கார் அழைப்பில் அடங்குமா என்பதை நிறுவனத்தின் இணையதளத்திலோ பட்டறையிலோ அறியலாம். பழைய கார் வாங்குவோர், விலை பேசும் முன்னரே இதைச் செய்தல் வேண்டும். அழைப்பின் பேரில் முன்பே பழுது நீக்கப்பட்டிருந்தால் அதற்கான பட்டறைச் சீட்டையும் கேட்டுப் பெறலாம்.

அழைப்பு வருவதற்கு முன்பே சொந்தச் செலவில் பம்பை மாற்றியவர்கள், ரசீதையும் பழைய பம்பையும் பாதுகாத்து வைக்க வேண்டும். அழைப்பு வந்த பின், செலவை ஈடுசெய்யும்படி எழுத்து மூலம் கேட்க இவை உதவும். பட்டறைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும், குறையை உரிமையாளரின் சொற்களிலேயே வேலைச் சீட்டில் எழுதச் செய்து, படி ஒன்றைப் பெற வேண்டும். ‘பொதுச் சோதனை’ என்று எழுதப்பட்ட சீட்டு எதையும் மெய்ப்பிக்காது. ‘டாங்கி நிரப்பியபின் பின் ஆசனத்தில் பெட்ரோல் வாடை’ என்று எழுதப்பட்ட சீட்டு சான்றாகும்.

வாஹன் தளத்தில் பதிவு செய்வதுடன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதை மறத்தலாகாது.

வகுப்பறையில் காட்டத்தக்கவை

இப்பொருளை மாணவர்க்கு விளக்கப் பெட்ரோலைத் தொடவே தேவையில்லை, தொடவும் கூடாது. கனமான ஆவி தாழ்ந்து பாயும் என்பதைக் காட்ட, ஒரு குவளையில் சமையல் சோடாவையும் வினிகரையும் கலக்கலாம். உண்டாகும் கரியமில வாயுவை மட்டும், திரவம் சிந்தாதவாறு, எரியும் மெழுகுவத்தியின் மேல் சாய்த்தால் சுடர் அணையும். கண்ணுக்குத் தெரியாத வாயு ஒன்று நீரைப் போலக் கீழே வழிவதை மாணவர் நேரில் உணர்வர். பெட்ரோல் ஆவியும் இவ்வாறே வழியும். ஆனால் இது சுடரை அணைக்கிறது, அதுவோ தீப்பற்றும் என்ற வேற்றுமையை ஆசிரியர் தவறாமல் கூற வேண்டும்.

இரப்பரின் குணத்தைக் காட்ட, ஒரே அளவான இரண்டு இரப்பர் வளையங்களை எடுத்து, ஒன்றை நீரிலும் மற்றொன்றைத் தேங்காய் எண்ணெயிலும் சில நாட்கள் ஊறவிடலாம். பின்னர் இரண்டையும் அளந்து ஒப்பிட்டால், எண்ணெயில் ஊறியது பருத்தும் தளர்ந்தும் இருக்கும். எந்தத் திரவத்திற்கு எந்த இரப்பர் என்பதைத் தேர்வதில் நேரும் சிறு பிழை, லட்சம் கார்களைத் திரும்ப அழைக்கும் நிலைக்கு எவ்வாறு கொண்டுசெல்லும் என்பதை இதைவிட எளிதாக விளக்க இயலாது.

களப் பணியாளர்கள், தம் அலுவலக வாகனங்களின் சேஸிஸ் எண்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவ்வாறு சரிபார்க்கலாம். கிராமக் கூட்டங்களில் கார், வாடகை வண்டி வைத்திருப்போருக்குப் பதிவுச் சான்றிதழிலுள்ள எண்ணை எடுத்துக்காட்டி, அதைக் கொண்டு அழைப்பை அறியும் முறையைச் சொல்லித் தரலாம். பெட்ரோல் நிரப்பும்போது குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும் என்ற ஒரு பழக்கம் பரவினாலே, கசிவுகள் சில தவிர்க்கப்படும்.

யந்திரங்கள் மனிதர் ஆக்கியவை. ஆகவே அவற்றில் குறை நேர்வது இயல்பு. குறையை ஒளிக்காமல் கூறும் உற்பத்தியாளரும், அதைக் கணக்கில் ஏற்றும் அரசும், வாடை வீசிய அன்றே தேதியிட்டுக் குறித்துவைக்கும் உரிமையாளரும் ஒன்றுசேர்ந்தால்தான் அக்குறை நீங்கும். இம்மூவருள் முதலில் கசிவை அறிபவர் உரிமையாளரே. அவர் எழுதும் நான்கு வரிக் குறிப்பு, அதே வகைக் காரில் எங்கோ ஓர் ஊரில் பயணம் செய்யும், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தையும் காக்கக்கூடும்.